கோட்டைக்குள் ஓர் அடுப்பு

(வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழுவினர் என்னை அணுகி, "நீங்கள் வரலாறு கற்பித்தவர், இவ்வாண்டு வரலாற்றையும் இலக்கியத்தையும் இணைத்து ஏதேனும் பேசுங்கள்" என்றனர். இடைக்கால ஐரோப்பாவின் நிலமானியச் சமுதாயமும் கோட்டை வாழ்வும் என்று நான் பொருள் சொன்னதும் செயலாளர் முகத்தில் சிறிது ஐயம் படர்ந்தது. கவிஞர்கள் கூடும் அவையில் இது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்க நினைத்தார் என்பது தெரிந்தது. அதற்கு விடை சொல்லித் தொடங்குகிறேன்.

சில திங்களுக்கு முன் நம் மாதக் கூட்டத்தில் இளங்கவிஞர் ஒருவர் கோட்டைக் கவிதை ஒன்று படித்தார். நிலவு, மாடம், யாழ், மேலிருந்து நோக்கும் ஒருத்தி, கீழிருந்து பாடும் ஒருவன். நன்றாகவே இருந்தது, நானும் கைதட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான் ஒரு கேள்வி எழுந்தது. மாடத்தில் நின்ற அந்தப் பெண் அன்றிரவு என்ன உண்டிருப்பாள்? அதை யார் சமைத்திருப்பார்கள்? நகைக்காதீர்கள். ஐரோப்பியக் கோட்டைக் கவிதையின் ஊற்றுக்கண்ணிலேயே இந்தக் கேள்வி கிடக்கிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தென் பிரான்சின் லிமூசென் பகுதியில் வெந்தாதோர்ன் என்றொரு கோட்டை இருந்தது. அதன் இடிபாடுகள் காடு சூழ்ந்த பாறை முகட்டில் இன்றும் நிற்கின்றன. த்ரூபதூர் என்று பெயர்பெற்ற காதற்பாவலருள் தலைசிறந்தவன் எனப் பலரும் ஒப்பும் பெர்னார்ட் அக்கோட்டையைச் சேர்ந்தவன். ஒக்சித்தான் மொழியில் அவன் பாடியவற்றுள் நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவன் மறைந்தபின், பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சிறு வாழ்க்கைக் குறிப்பு ஒன்று அவன் பிறப்பை இவ்வாறு கூறுகிறது: ஏழைக் குடியிற் பிறந்தவன், அவன் தந்தை கோட்டைக்கு ரொட்டி சுடும் அடுப்பில் தீமூட்டிய பணியாள்.

அடுப்பெரித்தவன் மகன் காதற்கவிதையின் அரசனானான் என்பது கேட்பதற்கு இனிய செய்தி. அவன் பாடல்களை மொழிபெயர்ப்புகளில் தேடிப் படித்தேன். வானம்பாடி இருந்தது, வசந்தம் இருந்தது, இரக்கமற்ற தலைவி இருந்தாள், கண்ணீர் வேண்டுமளவு இருந்தது. தந்தையின் அடுப்பை மட்டும் நான் காணவில்லை. அவன் விட்டுச்சென்ற அந்த அடுப்பின் பக்கம் நின்று கோட்டையைப் பார்க்கலாம் என்பதே என் எண்ணம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். கோட்டை என்றதும் நமக்குச் செஞ்சியும் வேலூரும் மனக்கண்ணில் தோன்றும்; அரசனும் படையும் கோயிலும் ஒரே மதிலுக்குள் அடங்கிய கோட்டைகள் அவை. நான் பேசவந்தது வேறு வகை. அது ஒரு பெருமகனின் வீடு. வீடே அரணாகி, அரணே வழக்குமன்றமாகவும் களஞ்சியமாகவும் சிறையாகவும் நின்ற கட்டடம். பேரரசின் பிடி தளர்ந்த மேற்கு ஐரோப்பாவில், பத்தாம் பதினோராம் நூற்றாண்டுகளில், இவை பெருகின. தொடக்கத்தில் பெரும்பாலானவை கல்லால் ஆனவை அல்ல. மண்ணை வெட்டிக் குவித்த மேடு, அதன் உச்சியில் மரக்கோபுரம், சுற்றிலும் அகழியும் மரவேலியும். அவ்வளவே.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தில் இறங்கியதும் ஹேஸ்டிங்ஸில் இத்தகைய மேடு ஒன்றை எழுப்பினர். பாயோ பூத்தையல் துணி என்று புகழ்பெற்ற நீண்ட துணியில் அந்தக் காட்சி தைக்கப்பட்டுள்ளது. மண்வெட்டிகளோடு ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுள் இருவர் மண்வெட்டியால் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்கிறார்கள். ஏன் என்று துணி சொல்லவில்லை. மன்னர்களும் ஆயர்களும் குதிரைகளும் நிறைந்த அந்த வெற்றிக் காவியத்தில் இந்த இரு கூலியாட்களையும் தைத்துவைத்த கை யாருடையதோ, அதற்கு என் வணக்கம்.

மேடு எழுந்த இடங்களில் முன்பு என்ன இருந்தது? வெற்றிபெற்ற வில்லியம் மன்னன் 1086இல் எடுப்பித்த நிலக்கணக்கான டூம்ஸ்டே ஏடு அதற்கு விடை தருகிறது. லிங்கன் நகரில் கோட்டையின் பொருட்டு 166 வீடுகள் அழிந்தன என்று அதில் ஒரு குறிப்பு. ஷ்ரூஸ்பரியில் 51 மனைகளைக் கோட்டை விழுங்கியது. அவ்வூர் மக்கள், மனைகள் போன பின்னும் பழைய வரி முழுவதையும் எங்களிடமே வாங்குகிறார்களே என்று முறையிட்டதும் அந்த ஏட்டிலேயே பதிவாகியுள்ளது. கணக்கெழுதியவர் முறையீட்டை எழுதிக்கொண்டார். வரியைக் குறைத்ததாக எழுதவில்லை.

இருநூறு ஆண்டு கழித்தும் கதை பெரிதாக மாறிவிடவில்லை. வேல்ஸ் நாட்டை அடக்கிய முதலாம் எட்வர்டு மன்னன் 1295இல் பியூமாரிஸ் என்னுமிடத்தில் கற்கோட்டை ஒன்றைத் தொடங்கினான். அதற்காக அருகிலிருந்த லான்வைஸ் ஊர் மக்களைப் பெயர்த்துத் தொலைவில் புதிய ஊர் ஒன்றில் குடியமர்த்தினார்கள். 1296 பிப்ரவரியில் தலைமைக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸும் அவர் துணைவரும் அரசனின் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் எஞ்சியுள்ளது. 400 கொத்தர்கள், 2,000 சிற்றாட்கள், கல்லுடைப்போர் 200 பேர், கொல்லரும் தச்சருமாக 30 பேர், 100 வண்டிகள், கல்லும் நிலக்கரியும் கொண்டுவர 30 படகுகள் என்று பட்டியல் போகிறது. பிறகுதான் செய்தி வருகிறது: ஆட்களுக்குக் கூலி பெருமளவு நிலுவையில் இருக்கிறது; உண்ண வழியில்லாததால் அவர்களை நிறுத்திவைப்பது கடினமாக இருக்கிறது; பணம் அனுப்புங்கள். கோட்டை கடைசிவரை முழுமை பெறவில்லை. சமச்சீர் அழகில் அதற்கு இணையில்லை என்று கட்டடக்கலை நூல்கள் பாராட்டுகின்றன, பாராட்டட்டும். எனக்கு அதன் மதிலைவிட அந்தக் கடிதம் பெரிதாகத் தெரிகிறது.

இனி, கோட்டையை ஆண்டவர்களிடையே நிலவிய உறவுக்கு வருவோம். பாடநூல்கள் இதை ஒரு கூம்பாக வரைந்து காட்டும்: உச்சியில் அரசன், கீழே பெருமக்கள், அதற்கும் கீழே வீரர், அடியில் உழவர். நானும் பல்லாண்டு கரும்பலகையில் அக்கூம்பை வரைந்தவன்தான். ஆனால் 'நிலமானிய முறை' என்ற கோட்பாட்டுப் பெயரே பிற்காலத்துச் சட்ட அறிஞர்கள் கோத்துத் தந்தது. அக்காலத்து மக்கள் அறியாதது. 1994இல் சூசன் ரெனால்ட்ஸ் என்னும் வரலாற்றறிஞர் அந்தக் கூம்பை வேரோடு அசைத்துப் பார்த்துவிட்டார். ஊருக்கு ஊர், நூற்றாண்டுக்கு நூற்றாண்டு உறவுகள் வேறுபட்டன என்பதே இன்று தெளிவாகும் உண்மை.

ஆயினும் ஒரு சடங்கு உண்மையானது, கண்டவர் எழுதிவைத்தது. 1127இல் ஃபிளாண்டர்ஸ் நாட்டின் புதிய கோமகனுக்கு அவன் கீழ்ப்பட்டோர் பணிந்த காட்சியை ப்ரூஜ் நகரத்துக் கணக்கர் கால்பெர்ட் விவரிக்கிறார். முழுமையாக என் ஆளாக விரும்புகிறாயா என்று கோமகன் கேட்பான். விரும்புகிறேன் என்று வந்தவன் விடை சொல்லிக் கூப்பிய கைகளை நீட்டுவான். கோமகன் அவற்றைத் தன் இரு கைகளுக்குள் பொதிந்துகொள்வான். பின் முத்தம், பின் புனிதர் எச்சங்களின்மேல் ஆணை, இறுதியில் கோமகன் கையிலிருந்த சிறு கோலால் மானியம் வழங்கல். இச்சடங்குக்கு அவர்கள் இட்ட பெயரின் வேர்ச்சொல் 'ஆள்' என்பதே. அவன் இன்னாருடைய ஆள் என்று நாம் இன்றும் சொல்கிறோமே, ஏறக்குறைய அதே பொருள். கைகூப்பி இறைவனை வேண்டும் கிறித்தவ வழக்கமே இச்சடங்கிலிருந்து வந்தது என்று கருதும் அறிஞரும் உண்டு.

இந்த உறவின் கடமைகள் என்ன என்று அக்விதேன் கோமகன் ஐந்தாம் வில்லியம் கேட்க, ஷார்த்ர் நகரத்து ஆயர் ஃபுல்பெர்ட் ஏறத்தாழ 1020இல் ஒரு கடிதம் எழுதினார். ஆண்டானின் உடலுக்கு ஊறு செய்யாமை, அவன் மறைபொருளையும் அரணையும் காட்டிக்கொடாமை, அவன் மானத்தையும் உடைமையையும் கெடாமற் காத்தல், அவனுக்கு எளிதானதைக் கடினமாக்காமை, இயல்வதை இயலாததாக்காமை. இவற்றை ஆள் நினைவிற் கொள்ளவேண்டும். ஆண்டானும் ஆளுக்கு இவ்வாறே நடக்கவேண்டும். படித்தால் நல்ல நட்புக்கு இலக்கணம் போலவே இருக்கிறது.

இப்போது கவிஞர்கள் சற்றுக் கூர்ந்து கேட்கவேண்டும். அக்கடிதத்தைப் பெற்ற வில்லியத்தின் பேரன்தான் ஒன்பதாம் வில்லியம்; 1071இல் பிறந்தவன்; பாடல்கள் கிடைத்துள்ள த்ரூபதூர்களுள் காலத்தால் முந்தியவன். பாட்டனுக்கு அரசியலாக வந்த சொற்கள் பேரன் காலத்திலிருந்து காதலாயின. காதலன் தலைவியின்முன் மண்டியிடுகிறான், கைகூப்பித் தன்னை ஒப்படைக்கிறான், அவளுடைய ஆளாகிறான், ஊழியம் செய்து பரிசு வேண்டுகிறான். பெண்ணையே இப்பாவலர் 'மிதோன்ஸ்' என்று விளிக்கின்றனர். அச்சொல் பெண்பாலன்று, 'என் ஆண்டான்' என்று பொருள். நிலத்துக்காகக் கூப்பிய கையைக் காதலுக்காகக் கூப்பச் செய்தது பெரிய கற்பனைதான். ஐரோப்பாவே அதன்பின் பல நூற்றாண்டு அந்த மொழியில் காதலித்தது.

ஆனால் அந்தக் கைகள் எல்லாம் வாள் பிடித்த கைகள். ஆண்டான்–ஆள் உறவு ஒன்று. ஆண்டான்–அடிமை உறவு வேறொன்று. பண்ணையடிமையைக் கைபிடித்து முத்தமிட்டு விருப்பம் கேட்டவர் எவருமில்லை. அவன் பிறப்பாலேயே ஆண்டானின் நிலத்தோடு கட்டுண்டவன். வாரத்தில் குறித்த நாள்கள் ஆண்டான் நிலத்தில் கூலியின்றி உழவேண்டும். மகளுக்கு மணம் முடிக்கப் பணம் கட்டவேண்டும். அவன் இறந்தால் கொட்டிலில் உள்ள சிறந்த மாடு ஆண்டானுக்குப் போகும்.

இந்தப் பிறப்புக் கறை எவ்வளவு கொடியது என்பதை அதே கால்பெர்ட் காட்டுகிறார். அவர் சொல்லும் புதிய கோமகன் பதவிக்கு வரக் காரணம், முன்னவனான சார்லஸ் 1127 மார்ச் 2இல் ப்ரூஜ் நகரத் தேவாலயத்தில் வழிபாட்டின்போதே வெட்டிக் கொல்லப்பட்டதுதான். கொன்றவர்கள் எரெம்பால்ட் குடும்பத்தார். நாட்டில் அவர்களைவிடச் செல்வாக்குள்ளவர் சிலரே. ஆனால் அவர்கள் முன்னோர் அடிமைக் குடியினர் என்ற பேச்சு கிளம்பியது. அக்குடும்பத்தில் பெண்ணெடுத்த வீரன் ஒருவன் இன்னொருவனை இரட்டைப்போருக்கு அழைத்தபோது, அடிமைப் பெண்ணை மணந்து ஓராண்டு கழிந்ததால் நீயும் அடிமையே, உன்னோடு பொருதேன் என்று எதிரி மறுத்துவிட்டான். கோமகன் அக்குடியினரின் நிலையை விசாரிக்கத் தொடங்கினான். விசாரணை முடிந்தால் மாளிகையும் பதவியும் மகளிர் மணங்களும் எல்லாம் ஒரு சொல்லில் சரிந்துவிடும். அந்தச் சொல்லுக்கு அஞ்சி அவர்கள் வாளெடுத்தார்கள். பின் கோட்டைக்குள் முற்றுகையில் அகப்பட்டு அழிந்தார்கள். ஊரே பற்றியெரிந்தபோது கால்பெர்ட் மெழுகுப் பலகையில் நாள்தோறும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

அடுப்புக்கு வருகிறேன். ஆண்டானின் அதிகாரம் வாளில் இருந்தது என்று நாம் எண்ணுகிறோம். நாள்தோறும் அது இருந்த இடம் வேறு: ஆலையும் அடுப்பும். பல பகுதிகளில் உழவன் தன் தானியத்தை ஆண்டானின் ஆலையிலேயே அரைக்கவேண்டும். மாவை ஆண்டானின் அடுப்பிலேயே சுடவேண்டும். திராட்சையை ஆண்டானின் செக்கிலேயே பிழியவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு கொடுக்கவேண்டும். வீட்டில் திரிகை வைத்திருப்பது குற்றம். பிரான்சில் இவ்வுரிமைகள் ஒழிய 1789இன் புரட்சியே வரவேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் செயிண்ட் ஆல்பன்ஸ் நகரில் ஆண்டானாக இருந்தது ஒரு மடம். அங்கே 1327 முதல் 1336 வரை மடத்தலைவராக இருந்த ரிச்சர்டு பேரறிஞர். கோள்களின் இயக்கம் காட்டும் கடிகாரம் ஒன்றை வடிவமைத்தவர். கொல்லரின் மகன். அந்தக் கொல்லர் மகன், நகர மக்கள் வீட்டில் வைத்திருந்த திரிகைகளைப் பறித்து, அந்தக் கற்களை மடத்தின் முன்கூடத்தில் தளமாகப் பதித்துவிட்டார். போவோர் வருவோர் எல்லாம் அவற்றின்மேல் நடந்தார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன. 1381இல் இங்கிலாந்தில் உழவர் கிளர்ச்சி மூண்டபோது செயிண்ட் ஆல்பன்ஸ் மக்கள் மடத்துக்குள் புகுந்தார்கள். தரையைப் பெயர்த்தார்கள். திரிகைக் கற்களை உடைத்துத் துண்டுகளாக்கி, தேவாலயத்தில் ஞாயிறுதோறும் மந்திரித்த ரொட்டியைப் பங்கிடுவதுபோல் ஆளுக்கொரு துண்டு பங்கிட்டுக்கொண்டு வீடு சென்றார்கள். இதை எழுதியவர் அம்மடத்துத் துறவியான தாமஸ் வால்சிங்கம். கிளர்ச்சிக்காரரை அடியோடு வெறுத்தவர். அவர் வெறுப்போடு எழுதிய அந்த ஒரு காட்சி, கிளர்ச்சியை ஆதரித்து எழுதப்பட்ட எத்தனையோ நூல்களைவிட என் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது. அரைக்க முடியாத, உண்ண முடியாத கல்லை அவர்கள் ரொட்டியாகப் பங்கிட்டார்கள். இதற்கு மேல் ஒரு படிமம் நம்மில் யார் எழுதிவிட முடியும்?

ரொட்டி என்றதும் ஒரு சொல்லாராய்ச்சி நினைவுக்கு வருகிறது, தொழிற்பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'லார்டு' என்ற சொல்லின் பழைய வடிவத்தைப் பிரித்தால் 'ரொட்டி காப்போன்' என்று பொருள் வரும். 'லேடி' என்பது 'ரொட்டி பிசைவோள்'. பழைய ஆங்கிலச் சட்டமொன்றில் ஆண்டானை அண்டிப் பிழைப்பவனுக்கு 'ரொட்டி தின்போன்' என்றே பெயர். பிரபுத்துவத்தின் முழு இலக்கணமும் இந்த மூன்று சொற்களில் அடங்கிவிடுகிறது. பட்டும் வாளும் கொடியும் பின்னால் வந்து சேர்ந்தவை.

கோட்டைக் கூடத்தில் அமர்ந்து பார்த்தால் இது இன்னும் விளங்கும். திரைப்படங்களில் காணும் கூடத்தை மறந்துவிடுங்கள். புகை படிந்த சுவர். பெரும்பாலும் கண்ணாடியில்லாத, பலகைக் கதவிட்ட சாளரங்கள். தரையில் பரப்பிய நாணற்புல். அதில் எலும்புக்குக் காத்திருக்கும் நாய்கள். உணவு வேளையில் கால்கள்மேல் பலகை போட்டு மேசையாக்குவார்கள். உண்டபின் கழற்றிச் சுவரில் சாய்ப்பார்கள். இரவில் பணியாட்களில் பலர் அதே கூடத்தில் படுப்பார்கள். தனியறை என்பது ஆண்டானுக்கும் அவன் மனையாளுக்கும் கிடைத்த பேறு. நிலா மாடத்தில் தனித்து நிற்கும் தலைவியை எண்ணிப் பாடியவர்கள், தனிமையே கிட்டாத வீட்டில் இருந்து பாடினார்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தட்டு எல்லோர்க்கும் இல்லை. பழைய ரொட்டியைத் தடித்த துண்டுகளாக அறுத்து அதையே தட்டாக வைப்பார்கள். அதன்மேல் இறைச்சியும் குழம்பும். உண்டபின் குழம்பில் ஊறிய அந்த ரொட்டித் தட்டுகளைக் கூடையில் திரட்டி வாயிலில் காத்திருக்கும் ஏழைகளுக்கு இடுவார்கள். அறம் என்று அதற்குப் பெயர். மேல்மேசையில் பாட்டு நடக்கும்போது வாயிலில் கூடைக்குக் காத்திருந்தவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பார்களா? நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

பெண்களின் கோட்டை வாழ்வுக்கு அரிய சான்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து அரசன் மூன்றாம் ஹென்றியின் தங்கையும், அவனை எதிர்த்து நின்ற சைமன் தெ மான்ஃபோர்ட்டின் மனைவியுமான எலினோர் சீமாட்டியின் வீட்டுக் கணக்குச் சுருள் அது. 1265 பிப்ரவரி முதல் ஆகஸ்டு வரை, நாள்தவறாமல்: எவ்வளவு தானியம், எவ்வளவு மது, குதிரைகள் எத்தனை, இன்று வந்த விருந்தினர் யார். நோன்பு நாள்களில் உப்பிட்ட மத்திப்போன்ற ஹெர்ரிங் மீன் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் செலவாகிறது. போர் நெருங்க நெருங்க அவர் ஒடிஹம் கோட்டையை விட்டு டோவர் கோட்டைக்குப் போகிறார். கணக்கும் உடன் போகிறது. 1265 ஆகஸ்டு 4இல் ஈவ்ஷாம் போர்க்களத்தில் கணவரும் மூத்த மகனும் வெட்டுண்டு வீழ்ந்தார்கள். கணக்குச் சுருள் அம்மாத இறுதிவரை நீள்கிறது. யார் இறந்தாலும் அடுப்பு எரிந்தாகவேண்டும்.

அடுப்பு அணைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அதைத் தருவது ஒரு கவிஞன் என்பதால் இங்கே சொல்லியே ஆகவேண்டும். சேன் ஆற்றங்கரையில் இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டு 1196க்கும் 1198க்கும் இடையில் விரைந்து கட்டிய கோட்டை ஷாதோ கையார். அவன் இறந்தபின் 1203இல் பிரெஞ்சு மன்னன் பிலிப் அதை முற்றுகையிட்டான். மலையடிவாரத்து ஆந்தெலி மக்கள் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். முற்றுகை நீண்டது, தானியம் குறைந்தது. கோட்டைத் தலைவன் ரோஜர் தெ லேசி போரிட உதவாத வாய்களைக் கணக்கிட்டான். கிழவர், பெண்டிர், குழந்தைகள். வெளியே அனுப்பினான். முதலில் வந்தவர்களைப் பிரெஞ்சுப் படை போகவிட்டது. பிறகு ஒருவரையும் விடவேண்டாம் என்று மன்னனின் ஆணை வந்தது. அடுத்து வெளியேற்றப்பட்ட நூற்றுக்கணக்கானோர்மேல் அம்பு பாய்ந்தது. திரும்பி ஓடினார்கள், கோட்டைக் கதவு சாத்திக்கிடந்தது. மதிலுக்கும் பாசறைக்கும் நடுவே, பள்ளங்களில், பாறை இடுக்குகளில், குளிர்காலம் முழுவதும் கிடந்தார்கள். புல்லைத் தின்றார்கள். கோட்டையிலிருந்து துரத்தப்பட்ட நாய்களைப் பிடித்துத் தின்றார்கள். மன்னன் நேரில் வந்து கண்டு போகவிட்டபோது பாதிக்கு மேல் இறந்துவிட்டிருந்தார்கள். எஞ்சியவருட் பலர் உணவு கிடைத்ததும் அதை உண்டே இறந்தார்கள். 1204 மார்ச்சில் கோட்டை வீழ்ந்தது.

இதைப் பாடியவன் கியோம் என்பவன்; பிலிப் மன்னனின் சொந்தக் குருவானவன்; முற்றுகையில் உடனிருந்தவன். மன்னன் புகழ் பாட இலத்தீனில் எழுதிய பெருங்காப்பியத்தில்தான் இந்தப் பட்டினியை வைத்திருக்கிறான். மன்னனின் இரக்கத்தைக் காட்டத்தான் வைத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரக்கத்தைக் காட்ட ஓரடி போதும். அவன் அந்தப் பள்ளத்தை விட்டு நகர முடியாமல் நின்றிருக்கிறான்.

எல்லாக் கவிஞரும் அப்படி நிற்கவில்லை. பெர்த்ரான் தெ போர்ன் என்ற த்ரூபதூர் தானே கோட்டைக்கு உடையவன். போர் வந்தால் வசந்தம் வந்ததுபோல் களித்தவன். அவன் பெயரில் வழங்கும் பாடலொன்று, வசதி பெற்ற குடியானவன் வறுமையில் துன்புறுவதைக் காண்பது தனக்கு இன்பம் என்று சொல்கிறது. தாந்தே அவனை நரகத்தில், வெட்டுண்ட தன் தலையைத் தானே விளக்குப்போல் ஏந்தி நடக்க வைத்தான். அது இக்குற்றத்துக்காக அன்று, அரச குடும்பத்தில் தந்தையையும் மகனையும் பிரித்த குற்றத்துக்காக. குடியானவன்பால் கொண்ட வெறுப்புக்குத் தாந்தேயின் நரகத்திலும் தனி இடம் ஒதுக்கப்படவில்லை.

பெயர் தெரியாத ஆங்கிலக் கவிஞன் ஒருவன் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் உழவன் பியர்ஸைப் பற்றி ஒரு பாடல் எழுதினான். அதில் ஓர் ஏழை உழவன் ஏர் பிடிக்கிறான். கிழிந்த காலணியிலிருந்து கால்விரல்கள் வெளியே எட்டிப் பார்க்கின்றன. மனைவி பனிக்கட்டித் தரையில் வெறுங்காலோடு மாடு ஓட்டுகிறாள், காலில் இரத்தம். வயலின் ஓரத்தில், எஞ்சிய ரொட்டித் துணுக்குகள் போட்டுவைக்கும் சிறு கிண்ணத்தில், கந்தல் சுற்றிய குழந்தை கிடக்கிறது. ரொட்டிக் கிண்ணத்தில் குழந்தை. ஒருவன் உண்மையாகவே வயலோரம் நின்று பார்த்தாலன்றி இது அமையாது. அவன் பெயர் காலத்தில் மறைந்தது. பெர்த்ரானின் பெயர் நின்றது.

மீண்டும் வெந்தாதோர்ன் கோட்டைக்கு வந்து முடிக்கிறேன். பெர்னார்ட்டின் பிறப்பைப் பற்றி நான் தொடக்கத்தில் சொன்ன செய்தி ஐயத்துக்குரியது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அண்மைக்கால ஆய்வாளர் சிலர் அவன் அக்கோட்டைப் பெருமகனின் குடும்பத்திலேயே தோன்றியவனாகலாம் என்கின்றனர். வாழ்க்கைக் குறிப்பு எழுதியவருக்கு அடுப்புச் செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று தேடினால், அது ஒரு கேலிப்பாட்டில் போய் நிற்கிறது. பெர்னார்ட்டின் காலத்திலேயே வாழ்ந்த பெய்ரே என்ற ஓவெர்ன் நாட்டுப் பாவலன், ஏறத்தாழ 1170இல், தன் சமகாலப் பாவலர் பன்னிருவரை ஒருவர்பின் ஒருவராக நையாண்டி செய்து பாடினான். பெர்னார்ட்டின் முறை வந்தபோது அவன் குரலையோ சொல்லையோ குறை கூறப் பெய்ரேக்குத் தோன்றவில்லை. பெற்றோரை இழுத்தான்.

அப்படியானால் அடுப்பு உண்மையோ பொய்யோ, ஒன்று மட்டும் உறுதி. பாவலர்கள் கூடிச் சிரித்த அவையில், ஒருவனை வீழ்த்த, அவன் வீட்டில் ரொட்டி அடுப்பு எரித்தார்கள் என்று சொன்னால் போதுமாயிருந்தது. அந்த அவையில் இருந்தவர்கள் எல்லோரும் அன்றிரவும் ரொட்டிதான் தின்றிருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. கேலிப்பாட்டில் தந்தை வில்லேந்திய பணியாளாகவே வருகிறான். அடுப்புக்குத் தீமூட்டுவது தாய். திராட்சைத் தோட்டத்தில் கழித்துப்போட்ட கொடிச்சுள்ளிகளைப் பொறுக்கிச் சேர்ப்பதும் அவளே. பின்னால் உரைநடையில் வாழ்க்கைக் குறிப்பு எழுதியவர்களுள் ஒருவர் அந்த அடுப்பைத் தாயிடமிருந்து எடுத்துத் தந்தையிடம் கொடுத்துவிட்டார். நானும் இவ்வளவு நேரம் அடுப்பெரித்தவன் மகன் என்றே சொல்லிவந்தேன். மகன் பாடவில்லை, வரலாற்றாசிரியர் விட்டுவிட்டார். குனிந்து சுள்ளி பொறுக்கும் அந்தப் பெண் இருப்பது, பகைவன் ஒருவன் சிரிப்பதற்காகக் கட்டிய இரண்டொரு அடிகளில்தான். அவள் பெயரை அவனும் சொல்லவில்லை.